சொன்ன பேச்சு கேட்ட கம்ப்யூட்டர்

முந்நூறா? திறந்து பார்ப்பதற்கே முந்நூறு ரூபாயா? என்ன பாய் இது, பெண் பார்க்கப் போகிறவனிடம் வாசற்படிக்கு வாடகை கேட்கிற மாதிரி இருக்கிறது. இந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. நூற்றைம்பது. சரி, இருநூறு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினீர்கள் என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவேன். அவனும் ஸ்க்ரூ டிரைவர்தான் வைத்திருக்கிறான்.

ம். கழற்றுங்கள்.

விட்டுவிட்டுச் சாயங்காலம் வாருங்கள் என்கிற பேச்சு என்னிடம் வேண்டாம். என் கண் முன்னால்தான் கழற்ற வேண்டும். நாற்காலி இல்லையா? பரவாயில்லை, இந்த அட்டைப்பெட்டி போதும். நாளைக்கு ஜும்மா, கடையை அடைப்பீர்கள். சனிக்கிழமை கரண்ட் இருக்காதென்று கீழே டீக்கடையில் சொன்னான். ஆக இன்றைக்கே இது ஓடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் மகள் வந்து இதன் முன்னால் உட்காருவாள். இதில் முதல் நம்பரில் ஒரு ஜாதகம் இருக்கிறது, அவளுடையது. அது திரையில் வர வேண்டும். நான் சொன்னது சரி என்று அதில் இருந்தால் அவள் வீட்டுக்குத் திரும்பி வருவாள். இல்லாவிட்டால் வரமாட்டாள். அவ்வளவுதான் வேலை. என்ன சங்கதி என்று கேட்காதீர்கள்.

கேட்கவில்லையா? எப்படிக் கேட்காமல் இருக்கிறீர்கள்? சரி, நானே சொல்கிறேன்.

நான் கோட்டைச்சாமி. திருமங்கலத்தில் இறங்கி 'ஜாதகக் கோட்டைச்சாமி' என்றால் ஆட்டோக்காரன் என் வாசலிலேயே கொண்டுவந்து விடுவான். நான் ஜோசியன் இல்லை, தரகன். கல்யாணத் தரகன். அதற்கு முன்னால் மாட்டுத் தரகன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, பதினான்கு வயதில் சந்தை. எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும். சுற்றி நூறு பேர் நிற்பான். ஒருத்தனுக்கும் தெரியாது. விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியும், நடுவில் எனக்குத் தெரியும். அதற்குப் பெயர்தான் வியாபாரம். துண்டை உருவிவிட்டால் அது ஏலம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஆன்லைன் ஜாதகக் கம்பெனிக்காரன் செய்தது அதைத்தான். துண்டை உருவிவிட்டான்.

இந்தப் பெட்டி அப்படி இல்லை பாய். ரெண்டாயிரத்து நாலில் வாங்கினேன். ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர், சிடியில் வந்தது. டை கட்டின ஒருத்தன் கொண்டுவந்தான். பன்னிரண்டாயிரம் என்றான். இரண்டு நாள் அவனை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, மதியச் சாப்பாடும் போட்டு, ஏழாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தேன். ஒரு தடவை கொடுத்தேன், அதோடு சரி. என் காசு, என் பெட்டி, என் மேசை. பின்னால் செருகுகிற பூட்டு ஒன்று கொடுத்தான், டாங்கிள். அது இருந்தால்தான் ஓடும். அதை நான் எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? அரைஞாண் கயிற்றில். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, இதோ பாருங்கள். சிரிக்காதீர்கள். உங்கள் கடைச் சாவி எங்கே இருக்கிறது? அதே மாதிரிதான்.

பதினெட்டு வருடம் ஓடியது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதுவாக எதையாவது மாற்றியதா? கிடையாது. முதல் நாள் எந்த இடத்தில் எந்தப் பட்டன் இருந்ததோ, கடைசி நாளும் அங்கேயே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். நெட் வேண்டாம். லாகின் வேண்டாம். ஓடிபி வேண்டாம். பிறந்த தேதி, நேரம், ஊர் போட்டால் கட்டம் வரும். நேரத்தை மாற்றிப் போட்டால் வேறு கட்டம் வரும். ஏன் மாற்றினாய் என்று கேட்காது.

என்ன முறைக்கிறீர்கள்? மாற்றுவேன். எல்லாத் தரகனும் மாற்றுவான். உங்களில் ஜாதகம் பார்ப்பதில்லை, அதனால் சொல்கிறேன். குழந்தை பிறக்கிறபோது எந்த நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்கிறாள் பாய்? பார்த்தாலும் அந்த ஆஸ்பத்திரிக் கடிகாரம் சரியாக ஓடுகிறதென்று யார் கண்டது? ஐந்து நிமிடம் முன்னே, பத்து நிமிடம் பின்னே. அதில் நட்சத்திரமே மாறிவிடும். நட்சத்திரம் மாறினால் பொருத்தம் மாறிவிடும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் பத்து நிமிடம்தான் சொன்னேன். முந்நூற்றுச் சொச்சம் கல்யாணம் பாய். முந்நூற்றுச் சொச்சம் வீட்டில் அடுப்பு எரிகிறது. எல்லாம் இந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருந்ததால்.

என்ன, டிஸ்க் சுற்றுகிறதா? சத்தம் வருகிறதா? நல்ல சத்தமா, கெட்ட சத்தமா? பார்த்துச் செய்யுங்கள்.

பிறகு ஏன் ஆன்லைனுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். நானா போனேன்? பவளம்தான் இழுத்தாள். என் மகள், பவளக்கொடி. ஆபீசில் டைப் அடிக்கிறது, போன் எடுக்கிறது, பார்ட்டிக்கு போட்டோ அனுப்புகிறது எல்லாம் அவள்தான். ரெண்டாயிரத்து இருபத்திரண்டில் ஒரு மழை. ஆபீசுக்குள் முழங்கால் தண்ணீர். பெட்டியை மேசை மேல் தூக்கி வைத்தோம், தப்பித்தது. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குப் பயம். "அப்பா, இது ஒரு நாள் செத்துருச்சுன்னா நாலாயிரம் ஜாதகமும் போச்சு. ஆன்லைன்ல போட்டா எங்கயிருந்தும் பாக்கலாம், போன்லயே பாக்கலாம்" என்றாள். நியாயம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போதே பார்ட்டிக்குப் பொருத்தம் அனுப்பலாம். பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டா போக முடியும்? சரி என்றேன். சாஃப்ட்வேர் விற்ற அதே கம்பெனிக்காரனே ஆள் அனுப்பி, இந்தப் பெட்டியில் இருந்த அத்தனை ஃபைலையும் உறிஞ்சிக்கொண்டு போனான். இதைப் பரணில் போட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது சனியன்.

முதலில், மாதா மாதம் காசு. நிறுத்தினால் என் ஜாதகம் எனக்கே தெரியாது. பிறகு நெட். ஒரு நாள் சிவகாசியிலிருந்து பெரிய பார்ட்டி, காரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ராகு காலம் தொடங்க இருபது நிமிடம் இருக்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, அக்கினியை வலம் வருகிற மாதிரி சுற்றுகிறது. ராகு காலம் வந்துவிட்டது. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பிறகு இந்த அப்டேட். நேற்று இடது பக்கம் இருந்த பட்டன் இன்று காலையில் வலது பக்கம். நேற்று பச்சை, இன்று நீலம். யாரைக் கேட்டு மாற்றினாய்? வாடகை வீடு பாய். நான் தூங்கி எழுந்திருப்பதற்குள் வீட்டுக்காரன் உள்ளே வந்து கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறான். கேட்டால், "உங்க வசதிக்குத்தான் சார்".

அதையெல்லாம் பொறுத்தேன். நான் பொறுமைசாலி இல்லை, இருந்தும் பொறுத்தேன். போன மாதம் செய்தான் பாருங்கள் ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை. உசிலம்பட்டிப் பார்ட்டி, பெண் வீட்டார், ஏழு பேர். தட்டு மாற்றுகிற பேச்சு வரைக்கும் வந்தாகிவிட்டது. பையன் ஜாதகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார் பெண்ணின் தாய்மாமன். பவளம் திறந்தாள். ஜாதகத்துக்கு மேலே மஞ்சளாக ஒரு பட்டன் மினுங்குகிறது. 'மாற்றங்கள்' என்று எழுதி, பக்கத்தில் 'புதிது' என்று நட்சத்திரம் வேறு. அவள் என்ன ஏதென்று தெரியாமல் அமுக்கிவிட்டாள். வந்து விழுந்தது பட்டியல். இன்ன தேதியில் பிறந்த நேரம் ஐந்து நாற்பது, இன்ன தேதியில் ஐந்து ஐம்பத்திரண்டு, இன்ன தேதியில் ஆறு ஐந்து.

தாய்மாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "என்னண்ணே, மாப்பிள்ளை மூணு தடவ பொறந்திருக்காரு?" என்றார்.

ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை பாய். அப்படியே ஆடை கட்டி நின்றது. ஒரு அம்மாள் மட்டும் போகிறபோது, "மாட்ட விக்கிறவன்கிட்ட மனுசனக் கேட்டது நம்ம தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை இன்னும் நான் மறக்கவில்லை.

கம்பெனிக்குப் போனைப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சார், அது புது வசதி சார். ஆட்டோமேட்டிக்கா எல்லாருக்கும் வரும் சார்" என்றாள். "எல்லாருக்கும் வர்றதுக்கு அது என்னம்மா மழையா? நான் கேட்டேனா?" என்றேன். "ஜாதகத்துல நம்பகத்தன்மை வேணும்னு நிறைய கஸ்டமர் கேட்டாங்க சார்" என்றாள். "நான் கஸ்டமர் இல்லையா?" என்றேன். "பழைய மாதிரி மாத்திக் குடு. போன வாரம் எப்படி இருந்துச்சோ அப்படிக் குடு." "பழைய வெர்ஷனுக்குப் போக முடியாது சார்." போக முடியாதாம்! சந்தையில் வாங்கின மாட்டைக்கூட மூன்று நாளைக்குள் திருப்பிக் கட்டலாம் பாய். நான் கத்தினேன். அவள் சார் சார் என்றாள். நான் இன்னும் கத்தினேன். அவள் குரல் ஏறவே இல்லை. கத்துகிறவனிடம் கத்தாத ஆளிடம் எப்படிப் பேரம் பேசுவது?

நான் இங்கே கத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

பவளம் ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தாள். அவளுடைய ஜாதகம். அதற்கும் மாற்றங்கள் என்று ஒரு பட்டியல். இரண்டே வரி. முதல் வரி, பிறந்த நேரம் பதினொன்று முப்பத்திரண்டு. இரண்டாவது வரி, ரெண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்ட், பதினொன்று பன்னிரண்டு.

"யாருப்பா மாத்துனது?" என்றாள்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

"மிஷின்" என்றேன். "பட்டனத் தானா மாத்தல? கலரத் தானா மாத்தல? அதே மாதிரி நேரத்தயும் தானா மாத்திருப்பான். ஆன்லைன்காரனுக்கு என்ன, எதை வேணாலும் போடுவான்."

காகிதத்தை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அப்ப பழைய கம்ப்யூட்டர்ல பாப்போம். அதுல மொத ஜாதகம் என்னுதுதான். எட்டு வயசுல உங்க மடில உக்காந்து நான்தான் என்டர் தட்டுனேன். அதுல என்ன இருக்குன்னு பாப்போம். பதினொன்னு பன்னெண்டுன்னு இருந்துச்சுன்னா நான் உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன். இல்லேன்னா நீங்க எனக்கு அப்பா இல்ல."

அன்றைக்கே இரண்டு பையை எடுத்துக்கொண்டு இங்கே மதுரைக்கு வந்துவிட்டாள். பெண்கள் விடுதியில் இருக்கிறாள். ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாளாம். நாலாயிரம் குடும்பத்துக்குப் பொருத்தம் பார்த்த பெண், ஜவுளிக்குப் பில் போடுகிறாள். யாரால்? அந்த மஞ்சள் பட்டனால்.

அதனால்தான் பரணிலிருந்து இதை இறக்கிக்கொண்டு வந்தேன். இதில் அந்த வேலையெல்லாம் கிடையாது. மாற்றி சேவ் போட்டால் பழையது போயே போச்சு. பதினொன்று பன்னிரண்டு மட்டும்தான் இருக்கும். அவள் பார்ப்பாள், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம், மாற்றி சேவ் போட்டால் என்றுதான் சொன்னேன். சொன்னேன்தான். ஸ்க்ரூவைப் பாருங்கள் பாய், என் வாயைப் பார்க்காதீர்கள்.

சரி. உங்களிடம் சொல்வதில் எனக்கென்ன. நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை, நாளைக்கு உங்களிடம் நான் சம்பந்தம் பேசப் போவதும் இல்லை. மாற்றினேன். நான்தான் மாற்றினேன். இருபது நிமிடம். உலகத்தில் எவன் இருபது நிமிடத்துக்காகப் பெற்ற அப்பனை விட்டுப் போவான்?

சுந்தரவேல் என்று ஒருத்தன். எங்கள் சொந்தம்தான், தூரத்து முறை. ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை. இவளும் அவனும் பேசி வைத்துக்கொண்டார்கள். அவனே நேராக என் ஆபீசுக்கு வந்தான். பெரியவர்கள் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. "மாமா, எனக்கு ஒண்ணும் வேணாம். நகை வேணாம், சீர் வேணாம். பவளத்த மட்டும் குடுங்க" என்றான்.

நீங்களே சொல்லுங்கள், நீங்களும் வியாபாரிதான். ஒன்றும் வேண்டாம் என்கிறவனை எப்படி நம்புவது? பவுன் கேட்கிறவனிடம் நாலு பவுன் குறைக்கலாம். வண்டி கேட்கிறவனிடம் வண்டிக்குப் பதில் வாட்ச் தரலாம். ஒன்றுமே கேட்காதவனிடம் எதைக் குறைப்பது? நாற்பது வருடம் பேரம் பேசினவன் நான். என் எதிரில் உட்கார்ந்து எவனும் பேரமே பேசாமல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனது கிடையாது. இவன் என் மகளையே அப்படி வாங்கப் பார்த்தான். அதுவும் ஓசூருக்கு. ஓசூருக்குப் போய்விட்டால் இங்கே ஆபீசில் யார் டைப் அடிப்பது, யார் போன் எடுப்பது? அதை விடுங்கள். அது காரணம் இல்லை.

முடியாது என்று நேராகச் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், என் பிடிவாதம் அவளிடமும் இருக்கிறது. ஜாதகம் பார்ப்போம் என்றேன். பார்த்தேன். பத்துக்கு எட்டுப் பொருத்தம். எனக்கே வயிறு எரிந்தது. அவன் அவிட்டம், இவள் சுவாதி. ஆனால் அவள் பிறந்த அன்றைக்குப் பதினொன்று இருபது வரைக்கும் சித்திரை. அதற்குப் பிறகுதான் சுவாதி. சித்திரையும் அவிட்டமும் ஒரே ரஜ்ஜு. தலை ரஜ்ஜு என்பார்கள். சேர்த்து வைத்தால் புருஷன் உயிருக்கு ஆகாது என்று சாஸ்திரம். நான் சொல்லவில்லை பாய், சாஸ்திரம் சொல்கிறது. நான் நேரத்தை மட்டும்தான் மாற்றினேன், மற்றதைச் சாஸ்திரம் சொல்லிற்று.

"பாரும்மா, எனக்கு ஒண்ணுமில்ல. அவன் தலைக்கு ஆகாது. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன்! கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் அவளே அவனுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லையாம். சொன்னால் அவன், செத்தால் சாகிறேன் வா என்பான் என்று தெரியும். அதனால் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அவன் மேல் பகை என்று நினைத்துவிடாதீர்கள். பகை இருந்தால் நானே அவனுக்குப் பெண் பார்த்துக் கொடுப்பேனா? கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அவன் அப்பா வந்து கேட்டார், விருதுநகரில் நல்ல இடமாகப் பார்த்து முடித்தேன். ஒன்பது பொருத்தம். அந்தப் பொருத்தக் காகிதத்தைப் பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துக் கவரில் போட்டதே பவளம்தான். கல்யாணத்துக்கும் வந்தாள், பந்தியில் பாயசம் பரிமாறினாள். அவன் நல்லா இருந்தா சரி என்று ஒரு நாள் சொன்னாள். இப்போது அவனுக்கு ஒரு பெண் குழந்தை. எல்லாம் நல்லபடியாக ஆறிப்போன விஷயம். நானும் இவளுக்கு எத்தனையோ வரன் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவளே பொருத்தம் பார்ப்பாள், அவளே இல்லை என்பாள். இருபத்தொன்பது வயதாகிவிட்டது. இருந்தும் வீட்டில் நிம்மதி இருந்தது பாய். இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். நான் பார்ட்டியைத் திட்டுவேன், அவள் சிரிப்பாள்.

எவனோ சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, வசதி என்று சொல்லி, என் வீட்டுக் குப்பையை ஒரே இரவில் எடுத்து என் மகள் கையில் கொடுத்துவிட்டான். அவனை நான் என்ன செய்ய?

ஓடுகிறதா?

ஓடுகிறது! பாருங்கள், அதே பச்சைத் திரை. அதே பிள்ளையார். மூன்று வருடம் பரணில் கிடந்தது, ஒரு அப்டேட் கேட்டதா? இந்தாருங்கள் பூட்டு, செருகுங்கள். பார்த்து, பழைய கயிறு. ஆ! வந்துவிட்டது பாய். இந்தச் சத்தம், டிங் என்று, இதுதான். இதைத்தான் வாழ்க்கை என்பார்கள். ஒன்று என்று அடியுங்கள். முதல் நம்பர். ஆம், கோ. பவளக்கொடி. பாருங்கள், பாருங்கள், என்ன போட்டிருக்கிறது? பதினொன்று பன்னிரண்டு. சித்திரை. வேறு ஏதாவது இருக்கிறதா? இல்லை! நான் சொன்னேன் இல்லையா? ஊமை. ஆனால் விசுவாசமான ஊமை. முந்நூறே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷமாகத் தருகிறேன்.

என்ன?

எந்தப் பக்கம்? மூலையில் இருக்கிற அந்தப் பட்டனா? இல்லை, அங்கே ஒன்றும் கிடையாது. பதினெட்டு வருடம் பார்த்தவன் நான். அதை நான் அமுக்கியதே இல்லை, அது ஏதோ கம்பெனிக்காரன் பட்டன்.

இது என்ன?

பாய், இது எங்கே இருந்தது? பதினொன்று முப்பத்திரண்டு. பதிந்த நாள் ரெண்டாயிரத்து நாலு. அதற்குக் கீழே பதினொன்று பன்னிரண்டு. தேதி. அதுவும் இருக்கிறதா? மாற்றின மணி கூடவா? சாயங்காலம் நாலு பத்து. ஆமாம். பவளம் தபால் ஆபீசுக்குப் போயிருந்தாள்.

இதுவும் எழுதி வைத்துக்கொண்டுதான் இருந்ததா? முதலிலிருந்தேவா? நாலாயிரத்துக்குமா?

அதானே, இங்கே இல்லாவிட்டால் ஆன்லைன்காரனுக்கு எங்கிருந்து கிடைக்கும் என்கிறீர்கள். உறிஞ்சிக்கொண்டு போனதே இதிலிருந்துதானே. சரி சரி, புரிகிறது, எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். என் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தேன் பாய் இதை.

அந்த முதல் வரியை எடுத்துவிடுங்கள். முடியாதா? சரி, புதிதாகப் போடுங்கள். முதல் நம்பரை அழித்துவிட்டு, மறுபடி முதல் நம்பராக, பதினொன்று பன்னிரண்டு. இன்றைய தேதி விழும் என்றால், கம்ப்யூட்டர் தேதியை மாற்றுங்கள்! ஆன்லைன் என்றால் ஊர் நேரம் அதற்குத் தெரியும். இதற்கு என்ன தெரியும்? நாம் ரெண்டாயிரத்து நாலு என்றால் அதற்கு ரெண்டாயிரத்து நாலுதான். இதற்காகத்தானே பெட்டி! முடியுமா முடியாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

முடியும், ஆனால் செய்ய மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? விலை பேசுகிறீர்கள். சரி, பேசுங்கள். ஆயிரம். இரண்டாயிரம். தலையை ஆட்டாதீர்கள், ஒரு எண் சொல்லுங்கள். ஐயாயிரம். பாய், கோட்டைச்சாமி தானாக விலையை ஏற்றுகிறான், சந்தையில் எவனாவது பார்த்தால் சிரிப்பான். ஒரு எண்ணைச் சொல்லுங்கள், குறைக்காமல் தருகிறேன்.

உங்களுக்கு மகள் இருக்கிறாளா? இரண்டா?

இருங்கள். போன்.

அவள்தான். பதினாறு நாளாக அவள் என்னைக் கூப்பிடவில்லை. இன்றைக்குக் கூப்பிடுகிறாள். காலையில் மெசேஜ் போட்டிருந்தேன், கடைப் பெயரைச் சொல்லி, பெட்டியை ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று. ஜம்பமாகப் போட்டேன்.

"சொல்லும்மா... ஆமா, கடைலதான் இருக்கேன்... பாத்துக்கிட்டு இருக்காரு... சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? ...இல்ல, அது... அவருகிட்டயா? எதுக்கு அவருகிட்ட? ...சரி. குடுக்குறேன்."

உங்களிடம் பேச வேண்டுமாம். பாய், கேளுங்கள். நான் இதுவரைக்கும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லுங்கள். ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். பொய்கூட வேண்டாம், இப்போதே ஒயரைப் பிடுங்கிக் கீழே போடுகிறேன், உண்மையாகவே செத்துவிடும். நீங்கள் பார்த்ததைச் சொன்ன மாதிரி இருக்கும். இந்தாருங்கள் போன். சொல்லுங்கள். செத்துவிட்டது. ஒரு வார்த்தை.

...

"ஓடுதும்மா, வந்து பாருங்க." இதைச் சொல்லத்தானா உங்களிடம் போனைக் கொடுத்தேன்? இருநூறு ரூபாய் வேலைக்கு வந்த ஆள், என் குடியைக் கெடுக்கிறீர்கள். என்ன மனிதர் நீங்கள்? அந்த ஹெல்ப்லைன் பெண் எவ்வளவோ மேல், அவளாவது சார் சார் என்றாள்.

என்ன சொன்னாள்?

வருகிறாளா? இப்போதேவா? கடையில் லீவு சொல்லிவிட்டா? துணிக்கடை எங்கே என்று சொன்னாள், விளக்குத்தூணா? நடந்து வந்தால் பத்து நிமிடம். ஆட்டோ பிடித்தால் அதுவும் இல்லை.

பத்து நிமிடம்.

அந்தத் திரையை என் பக்கம் திருப்பாதீர்கள். அணைக்கவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். என்ன பார்க்கிறீர்கள்? நான் ஒன்றும் அழவில்லை, உங்கள் கடையில் அவ்வளவு தூசி. அந்தக் கீபோர்டை மட்டும் எடுங்கள். எடுத்து அந்தப் பக்கம் வையுங்கள். இன்னும் தள்ளி, என் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வையுங்கள் என்றால் வையுங்கள் பாய், அவள் வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.